இருபது நிமிடம் முந்திய வீடு

"உங்க ஊர்ல இருந்துகிட்டே இந்த வேலையைப் பார்க்க முடியும்னு எனக்குத் தோணலைம்மா."

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் அணித்தலைவி இதைச் சொன்னார். அவர் சென்னையில் இருப்பவர். நான் அவரைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் குத்தியது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

"ஏன் மேடம்?" என்றேன்.

"நெட்டு, கரண்ட்டு, எல்லாந்தான். ஒரு நாள் சர்வர் விழும். அன்னிக்குன்னு பார்த்து சங்கரன்கோவில்ல கரண்ட் இருக்காது. நான் யாரைக் கூப்பிடுவேன், சொல்லு?"

"இருக்கும் மேடம்" என்றேன், மின்வாரியமே என் கையில் இருப்பதுபோல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அப்பா குருவிகுளம் பக்கத்துக் காடுகளில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர். வருடத்தில் பாதி நாள் ஆடுகளோடு வெளியூர்க் காடுகளில் படுத்துக்கொள்வார். அம்மா சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறாள். நான் கல்லூரிக்குப் போவதற்காக ஊரை விட்டு வந்து, தறிக்கூடங்கள் இருக்கும் தெருவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறோம். அந்த அறையில் இருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பயிற்சி. என்னோடு சேர்ந்தவர்கள் இன்னும் இரண்டு பேர், இருவரும் சென்னையில் அலுவலகத்துக்கே போய் வருகிறவர்கள். மூன்று மாத முடிவில் ஒரு சோதனை. தேறினால் வேலை நிரந்தரம், இங்கிருந்தே பார்க்கலாம். தேறாவிட்டால் அவ்வளவுதான்.

என்ன சோதனை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் தகவல்களை எங்கோ தூரத்தில் இருக்கும் கணினிகளில் வாடகைக்கு வைத்திருக்கிறது. கிளவுட் என்கிறார்களே, அதுதான். அந்தக் கணினிகளை இயக்கப் படங்களும் பொத்தான்களும் உள்ள இணையப் பக்கம் உண்டு. ஆனால் அது மூத்தவர்களுக்கு மட்டும். புதியவர்கள் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் வேலை செய்ய வேண்டும். யார் என்ன கட்டளை கொடுத்தார் என்று ஒவ்வொன்றும் பதிவாகும். அதற்கு ஒரு சிறிய கருவியை நம் கணினியில் நிறுவி, சாவிகளைக் கொடுத்து, அந்தத் தூரத்துக் கணினிகளோடு பேச வைக்க வேண்டும். அதுவரை எங்களுக்குப் பாடம் மட்டும்தான், அந்தக் கணினிகளை நாங்கள் தொட்டதில்லை. சோதனை நாளன்று காலை ஒன்பதரைக்கு, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்ற விவரமும் சாவிகளும் மின்னஞ்சலில் வரும். யாரிடமும் உதவி கேட்கக் கூடாது. கருவியை நிறுவி, அதைக் கொண்டு ஒரு பழைய கணினியின் வட்டுக்கு முழு நகல் எடுத்து வைக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பழைய கணினியை அழித்துவிடுவார்கள்.

"பதினொன்னு அம்பத்தஞ்சு வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் இங்கேருந்து வேற ஒருத்தர் எடுத்துடுவாங்க" என்றார் அணித்தலைவி. தகவலுக்கு ஆபத்தில்லை. ஆபத்து எனக்குத்தான்.

அவர் குறித்த தேதி ஒரு புதன்கிழமை. இரண்டு நாள் முன்பு அம்மா தறிக்கூடத்திலிருந்து வந்து, "பொதங்கெழம கரண்டு கெடையாதாம். ஒம்பதுலேர்ந்து ரெண்டு மட்டும். கூடத்துக்கும் லீவு" என்றாள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை.

தேதியை மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாம். ஒரு வரி எழுதினால் போதும், அவர் மாற்றியிருப்பார். எழுதவில்லை. எழுதினால், அவர் முதல் வாரத்தில் சொன்னதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. லேப்டாப்பை முழுதாக சார்ஜ் போட்டு வைத்தேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும். இணையத்துக்குக் கைப்பேசி இருக்கிறது. போதும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சரியாக ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. எங்கள் தெருவில் எப்போதும் தறிச் சத்தம் இருக்கும். நாங்கள் பேசுவதே கொஞ்சம் உரக்கத்தான். அது நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மின்விசிறி நின்றது. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பயறு புடைக்க உட்கார்ந்தாள்.

"நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு. நான் வாயே தொறக்கல" என்றாள்.

மின்னஞ்சல் ஒன்பதரைக்கு வந்தது. கருவியைத் தரவிறக்கத் தொடங்கினேன். மின்சாரம் போனால் தெருவே கைப்பேசியில் உட்காரும். இணையம் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது. நாலு சதவீதம், ஐந்து சதவீதம், பிறகு அசையவே இல்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறையின் ஒவ்வொரு மூலைக்கும் போய்ப் பார்த்தேன். வெளியே மாடிக்குப் போகும் படிக்கட்டின் மேல் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் தேறியது. கைப்பேசியை ஒரு துணிப்பையில் போட்டு அங்கிருந்த கைப்பிடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். படிக்கட்டுக்கு நேர் கீழே, வாசல் நிலையை ஒட்டி, அரிசி டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவோடு அதே கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"என்னட்டி, போனத் தூக்குல போட்டுட்ட? என்ன குத்தம் பண்ணிச்சு?"

"சிக்னலுக்கு அக்கா."

"அதுக்குக் காத்து வேணுமாக்கும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு சதவீதம்.

தரவிறக்கம் முடிந்தபோது லேப்டாப்பின் மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. நிறுவினேன். அது நேராக நடந்தது. கருப்புத் திரையில் கருவியின் பெயரைத் தட்டி, பதிப்பைக் கேட்டேன். ஒரே ஒரு வரியில் பதில் வந்தது, எண்ணும் நான் எதிர்பார்த்த எண்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. காட்டவில்லை.

அடுத்தது அமைப்பு. கருவி நான்கு கேள்விகள் கேட்கும். முதலாவது, யார் நீ என்று சொல்லும் சாவி. இரண்டாவது, அதை மெய்ப்பிக்கும் ரகசியச் சாவி. மூன்றாவது, எந்த ஊர்க் கணினிகள். நான்காவது, பதில் எந்த வடிவில் வேண்டும். சாவிகளை மின்னஞ்சலிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஊருக்கு மும்பை. எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு எல்லாரும் முதலில் கொடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அதன் பொருள், நான் யார் என்று சொல் என்பதுதான். சாவி சரியாக இருந்தால் என் கணக்கின் பெயரை அது திருப்பிச் சொல்லும்.

சொல்லவில்லை. இரண்டு வரிக்கு நீண்ட ஒரு பிழைச் செய்தி வந்தது. அதன் தொடக்கத்தில், கையொப்பம் பொருந்தவில்லை என்று இருந்தது.

அந்தக் கருவி நம் ஒவ்வொரு கட்டளையையும் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுத்தான் அனுப்பும். கையொப்பம் பொருந்தவில்லை என்றால் சாவி தவறு என்று எடுத்துக்கொண்டேன். ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். மறுபடி ஒட்டினேன். அதே செய்தி. நாற்பது எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டினேன். அதே செய்தி. முன்னால் வெற்றிடம் ஏதும் ஒட்டிக்கொண்டதோ என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கருவியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அதே செய்தி.

பேட்டரி நாற்பது சதவீதம்.

"மணி பதினொன்னு பத்து" என்றாள் அம்மா. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேருந்து எண்ணும் கடிகாரமும் தெரியும். வாய் திறக்க மாட்டேன் என்றவள், கால் மணிக்கு ஒருமுறை மணியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உதவுவதாக அவளுக்கு நினைப்பு.

"சொல்லாதம்மா."

"மணி சொன்னா என்னட்டி, குத்தமா?"

"எனக்குத் தெரியும்மா. இதுலயே ஓடுது."

கல்லூரியில் நான் வாங்கிய மதிப்பெண்களெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தன, எதற்கும் உதவாமல். சென்னையில் மற்ற இரண்டு பேரும் முடித்திருப்பார்கள். குளிரூட்டிய அறையில், கம்பி இணையத்தில், முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். விரல்கள் வியர்த்து விசையில் வழுக்கின. தாவணியில் துடைத்துத் துடைத்துத் தட்டினேன். அதே செய்தி, அதே இரண்டு வரி. இரண்டாவது வரியை நான் ஒரு தடவைகூட முழுதாகப் படிக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் வரியைப் பார்த்ததும் கண் மூடிக்கொண்டுவிடும்.

படிக்கட்டின் மேலே பைக்குள் கைப்பேசி அடித்தது. இரண்டிரண்டு படியாக ஏறினேன். அணித்தலைவி.

"என்னம்மா, உன் பக்கத்துலேர்ந்து ஒண்ணுமே பதிவாகலையே. மத்த ரெண்டு பேரும் முடிச்சுட்டாங்க. என்ன பிரச்சினை?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உதவி கேட்பதாக ஆகாது, கேள்விக்குப் பதில்தான். அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் ரேஷன் கடைச் சீட்டு முதல் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். தெரியாதபோதும் தெரிந்தமாதிரி படித்து, பிறகு போய் விசாரித்துக்கொள்வேன். அப்படியே பழகிவிட்டது.

"நெட்டு சரியில்ல மேடம்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதான் நான் முதல்லயே சொன்னேனே. சரி, பாரு. முடிஞ்சா பண்ணு."

முடிந்தால் பண்ணு. அந்தக் குரலில் திட்டு இல்லை. என்னை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்ட குரல் அது.

கீழே இறங்கி வந்து உட்கார்ந்தபோது லேப்டாப்பில் மணி பதினொன்று முப்பத்தெட்டு. இன்னும் பதினேழு நிமிடம். பேட்டரி பத்தொன்பது. நகல் எடுக்கவே எப்படியும் இருபது நிமிடம் ஆகும். அதாவது முடிந்துவிட்டது. கட்டளையை மறுபடி தட்டினேன், வேறு எதுவும் செய்யத் தெரியாததால்.

எதிர்வீட்டு அக்கா தெருவைக் கடந்து வந்து எங்கள் வாசலில் நின்றாள். உலையில் அரிசி போடலாமா என்ற கவலை அவளுக்கு.

"யக்கா, மணி என்ன ஆச்சு?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "பன்னெண்டாகப் போவுது. இருவது நிமிசம் இருக்கு."

"அது ஒங்க வீட்டு மணியா, ஊரு மணியா?"

"ஏட்டி, போ" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். அது தெருவில் பழைய கேலி. வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது சொல்வார்கள்.

என் கை விசைமேல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடும். நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் காலைப் பேருந்தைத் தவற விட்டோம். காலையில் அது ஒன்றுதான். நானும் அம்மாவும் பெரிய சாலை வரை நடந்து, அங்கிருந்து ஒரு பால்வண்டியில் ஏறி, பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது வாசல் கதவைப் பூட்டியிருந்தார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா முக்காலி மேல் ஏறி நின்று, கடிகாரத்தை இறக்கி, பின்னால் இருந்த திருகைத் திருப்பினாள். "இனிமே இதுதான் நம்ம வீட்டு மணி. யாரும் கழிச்சுப் பாக்கக் கூடாது" என்றாள். கழித்துப் பார்த்தால் முன்னால் வைத்ததற்கு அர்த்தமே இல்லை என்பது அவள் கணக்கு. நாங்கள் கழித்ததே இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பேருந்தை விட்டதும் இல்லை. ஊரை விட்டு வந்தபோது கடிகாரமும் வந்தது, அந்த இருபது நிமிடமும் வந்தது.

நான் லேப்டாப் வாங்கிய புதிதில் அம்மா அதன் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "ஒரே வீட்ல ரெண்டு மணி ஓடக் கூடாதுட்டி" என்றாள். தானாக நேரம் பிடித்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே நேரம் வைத்தேன். கைப்பேசி வெளியே போய் வருவது, அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு மறந்தே போனேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அது பிழை இல்லை, அதுதான் மணி.

திரையில் இருந்த செய்தியின் இரண்டாவது வரியை அப்போதுதான் படித்தேன். இந்தக் கையொப்பத்தின் நேரம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு நேரங்கள். ஒன்று நான் அனுப்பியதாகச் சொன்ன நேரம். மற்றது அங்கே உண்மையில் ஓடிக்கொண்டிருந்த நேரம். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிடம். ஐந்து நிமிடம் வரை பொறுத்துக்கொள்வேன், அதற்குமேல் முடியாது என்றும் அது சொல்லியிருந்தது. ஒரு மணி நேரமாக ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

நேர அமைப்பைத் திறந்தேன். தானாக என்ற பொத்தானைத் தொட்டேன். மூலையில் பதினொன்று நாற்பது என்று இருந்தது மறைந்து, பதினொன்று இருபது என்று வந்தது.

மறுபடி அதே கட்டளை. நான் யார்.

ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு என் கணக்கின் எண்ணும், அதன் முடிவில் என் பெயரும் வந்தன.

"அம்மா, ஒரு விசிறி எடுத்து வீசு" என்றேன். பேட்டரி சூடாகி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா என்ன ஏது என்று கேட்காமல் பயறு புடைத்த சுளகை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அதாலேயே லேப்டாப்பின் பக்கவாட்டில் வீசினாள். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றாள். உலையை மறந்துவிட்டாள்.

வட்டின் அடையாள எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, நகல் எடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நிலுவையில் என்று பதில் வந்தது. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். பூஜ்யம். காத்திருந்து கேட்டேன். பதினொன்று. பேட்டரி பதினான்கு. வேறு எல்லாவற்றையும் மூடினேன், மின்னஞ்சலையும்கூட. திரையைக் கண்ணுக்குத் தெரியும் கடைசி அளவுக்கு இருட்டாக்கினேன். முப்பத்தாறு. அந்த எண் ரொம்ப நேரம் நகரவில்லை. பேட்டரி பதினொன்று. இணையம் போய்விட்டதோ என்று படிக்கட்டைப் பார்த்தேன், பை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நூறு வரணுமாட்டி?" என்றாள் அம்மா. எண்கள் அவளுக்கும் தெரிந்தன.

"ஆமா."

"எழுவது வந்துட்டு."

"ம்."

எண்பத்தெட்டில் லேப்டாப், பேட்டரி முடியப் போகிறது என்று எச்சரித்தது. நகல் தூரத்துக் கணினியில்தான் நடக்கிறது, என் லேப்டாப் அணைந்தாலும் அது நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் முடிந்ததை உறுதி செய்து, அந்தக் கட்டளையும் என் பெயரில் பதிவானால்தான் சோதனை முடிந்ததாகக் கணக்கு. மணி பதினொன்று நாற்பத்தேழுக்கு, முடிந்தது என்ற சொல் வந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன். அதன்பின் இரண்டு நிமிடத்தில் திரை கருப்பானது.

"வந்துட்டு, வந்துட்டு" என்று எதிர்வீட்டு அக்கா தெருவைப் பார்த்துச் சொன்னாள். கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் எழுந்தார்கள். அவர்கள் அவளை ஏசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பின்னால் அணித்தலைவி அழைத்தார். நான் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று பேசினேன்.

"நகல் வந்துடுச்சு. சரியா இருக்கு. உன் வேலையில குறை இல்லம்மா. ஆனா நெட்டு இப்படி ஒண்ணரை மணி நேரம் போச்சுன்னா எப்படி? இன்னிக்கு சோதனை, பரவாயில்ல. நாளைக்கு வாடிக்கையாளர் வேலையா இருந்தா? அந்த ஊர்லேர்ந்து சரிப்படாதுன்னு நான் மேல ஒரு மெயில் போட்டுட்டேன். உன்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் அது சுட்டது. நான் சொன்ன ஒரு பொய், நான் எதை மறுத்து இந்த மூன்று மாதம் உழைத்தேனோ அதையே உண்மையாக்கிவிட்டது. நெட் மேல் பழி போட்டபோது அது யாரையும் சேராத பழி என்று நினைத்தேன். அது என் ஊரைச் சேர்ந்து, சுற்றி என் தலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது உண்மையைச் சொன்னால், ஒரு மணி நேரம் ஒரு பிழைச் செய்தியின் இரண்டாவது வரியைப் படிக்காதவள் நான் என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும்.

"மேடம், நெட்டு இல்ல."

"என்ன?"

"நெட்டு மெதுவாதான் இருந்துச்சு. ஆனா பிரச்சினை அது இல்ல. கரண்ட்டும் இல்ல. அதுக்குத் தயாராத்தான் இருந்தேன். என் லேப்டாப்புல மணி தப்பு. இருபது நிமிஷம் முன்னால ஓடுது. அதனால கையொப்பம் ஏத்துக்கல."

"தானா நேரம் எடுத்துக்குமே?"

"நான்தான் அதை அணைச்சு வச்சேன்."

"எதுக்கு?"

சொன்னேன். பேருந்தையும் பூட்டிய கதவையும் சொன்னேன். ஒரு வீட்டில் இரண்டு மணி ஓடக்கூடாது என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் சிரித்துவிடுவார் என்று பயந்தேன்.

"அதான் மூணு மாசமா எல்லா மீட்டிங்குலயும் நீ முன்னாடியே வந்து உக்காந்திருக்கியா? நான் உனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சேன்."

"ஆமா மேடம்."

"சரி. நான் கேட்டப்போ ஏன் நெட்டுன்னு சொன்னே?"

இதற்குத்தான் நான் பயந்தேன். "எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரல மேடம்" என்றேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. "நான் ஒரு ஊரையே தப்பா எழுதி அனுப்பியிருக்கேன். அதை நான் திருத்த மாட்டேன். நீ எழுது. நடந்ததை நடந்தபடி எழுது, எல்லாருக்கும் அனுப்பு. எனக்கும், எனக்கு மேல இருக்கிறவங்களுக்கும், அந்த ரெண்டு பேருக்கும்."

அந்த இரண்டு பேருக்கும் என்றதுதான் கடினமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. அம்மா கூடத்துக்குப் போகவில்லை, அன்று லீவுதானே. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது இரண்டு இருபது காட்டியது.

"இத திருத்திரலாமாம்மா?"

"எதுக்கு?"

"இதால இன்னிக்கு வேலையே போயிருக்கும்."

"இதாலதான் நீ படிச்ச" என்றாள். "ஒன் பொட்டிய என்னமும் பண்ணிக்கோ. செவத்து மணியில கைய வைக்காத. நான் கூடத்துக்கு ஒரு நாளும் பிந்திப் போனதில்ல, தெரியும்லா?"

"ஒரு வீட்ல ரெண்டு மணி ஓடக் கூடாதும்பியே."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒன்னது வீட்டு மணி இல்ல. அது ஆபீசு மணி" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

அந்த மின்னஞ்சலை எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. முதலில் எழுதியதில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சொற்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் ஏழு வரிதான் மிஞ்சியது. சங்கரன்கோவிலில் அன்று மின்தடை இருந்தது, அது முன்கூட்டியே எனக்குத் தெரியும், வேலை அதனால் நிற்கவில்லை. இணையம் மெதுவாக இருந்தது, வேலை அதனாலும் நிற்கவில்லை. என் கணினியின் நேரத்தை நான் கையால் மாற்றி வைத்திருந்தேன், பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கவில்லை, கேட்டபோது தவறான காரணம் சொன்னேன். புதிதாகக் கருவியை நிறுவுகிறவர்கள் முதலில் தங்கள் கணினியின் கடிகாரத்தைச் சரிபார்க்கவும். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடி, எழுந்து போய் முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் இருந்த அந்த இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். அவள் வீட்டில் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறதாம். அதற்கு நான் ஒரு சிரிப்பை மட்டும் அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் அம்மா என்னிடம் மணி சொல்லவே இல்லை.

வெள்ளி மாலை கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். பணியிடம் என்ற இடத்தில் சங்கரன்கோவில் என்று எழுதியிருந்தது. அணித்தலைவி தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "கரண்ட் கவலை எனக்கு இன்னும் போகலை. பார்ப்போம்."

அப்பாவுக்குக் கைப்பேசியில் படித்துக் காட்டினேன். பின்னால் ஆடுகள் கத்தின. "ஊர்ப் பேரு போட்டிருக்காவளா? இன்னொரு மட்டம் படி" என்றார். படித்தேன்.

நேற்று அடுத்த மாதத்துக்கான அவசரப் பணிப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர். அன்று எந்தச் சர்வர் விழுந்தாலும் அவர்தான் தூக்கி நிறுத்த வேண்டும். வேண்டிய நாளை அவரவரே எழுதிக்கொள்ளலாம். எங்கள் பகுதிக்கு அடுத்த மின்தடை எந்த நாள் என்று லைன்மேன் அண்ணாச்சியிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். அந்த நாளுக்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.